பச்சைமலையில் ஒரு விசில் சத்தம்

திருச்சிக்காரர்களிடம் "உங்கள் ஊரில் மலை உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே கையைத் தூக்கி மலைக்கோட்டையைக் காட்டுவார்கள். உச்சிப் பிள்ளையார் வீற்றிருக்கும் இடம் மலைதான்; சந்தேகமில்லை. ஆனால் அது காலையில் ஏறி, தரிசனம் செய்து, இறங்கிக் காப்பி சாப்பிட்டுவிடக் கூடிய மலை. கோடைகாலம் வந்தால் அதே திருச்சிக்காரர்கள் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் மூட்டை கட்டுகிறார்கள். தங்கள் ஜில்லாவிலேயே, வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரத்தில், 500 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் ஒரு மலைத் தொடர் இருக்கிறது என்பது அவர்களில் பலருக்கு ஞாபகமே இருப்பதில்லை. அந்த மலைக்குப் பச்சைமலை என்று பெயர்.

பெயருக்கு ஏற்ற மலைதான். திருச்சி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று ஜில்லாக்களிலும் கால் வைத்துக்கொண்டு, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாக நிற்கிறது. அங்கே அருவி உண்டு, பலா உண்டு, முந்திரி உண்டு, கண்ணுக்கெட்டிய வரை மரவள்ளியும் உண்டு. இவற்றைப் பற்றி எழுதுவதாகத்தான் புறப்பட்டோம். ஆனால் கூட வந்த நாலு கால் பிரயாணி ஒருவர் கட்டுரையில் பாதியைத் தமதாக்கிக் கொண்டு விட்டார். அவருடைய பெயர் கருப்பன். வயது நான்கு. ஜாதி, சுத்தமான நாட்டு நாய். வாசஸ்தலம் ஸ்ரீரங்கம்.

மலைக்குப் போகும் வழி

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து துறையூருக்கு பஸ் வசதி நிறைய இருக்கிறது. நாங்கள் போனது வேனில். ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர், அவருடைய கணவர், பேரப்பிள்ளைகள் இருவர், கருப்பன், நாம் என்று ஒரு சிறு படையே கிளம்பியது.

கொள்ளிடத்தைத் தாண்டி, அரிசி ஆலைகளுக்குப் பெயர் போன மண்ணச்சநல்லூரைக் கடந்து, துறையூர் சாலையில் போனால் திருவெள்ளறை வரும். புண்டரீகாக்ஷப் பெருமாளைச் சேவித்துவிட்டு அங்கே உள்ள ஸ்வஸ்திக வடிவக் கிணற்றையும் அவசியம் பார்க்க வேண்டும். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், சுமார் 1,200 வருஷங்களுக்கு முன் வெட்டப்பட்ட கிணறு அது. நான்கு பக்கமும் படிக்கட்டுகள் மடங்கி மடங்கி இறங்குகின்றன. ஒரு துறையில் இருப்பவர் மற்றத் துறையில் இருப்பவரின் கண்ணுக்குப் படமாட்டார்.

பேரப்பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆளுக்கொரு படிக்கட்டில் இறங்கி மறைந்து போனார்கள். மாமி கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போனார்.

"கழுத்திலே விசில் தொங்குதே மாமி, அதை ஊதிப் பாருங்களேன்" என்றார் வேன் டிரைவர்.

"அது கருப்பனுக்கு மட்டுந்தான்ப்பா. வேனுக்குள்ளே கட்டிப் போட்டிருக்கிறவனை ஊதிக் கூப்பிடப்படாது. அவனாலே வர முடியாதபோது ஊதினா அது பொய்யாயிடும்" என்றார் மாமி.

சாதாரணமாகச் சொன்ன அந்தப் பதிலில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை விளக்குவதற்கு முன் மலை ஏறிவிடலாம்.

துறையூருக்கு அப்பால், மலையடிவாரத்தில் சோபனபுரம் என்று ஒரு கிராமம். அங்கிருந்து மலைப் பாதை. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழேயுள்ள வயல்கள் இன்னும் கொஞ்சம் சிறியதாகி, காற்று இன்னும் கொஞ்சம் குளிர்ந்து, பேச்சும் இன்னும் கொஞ்சம் குறைகிறது. மேலே போய்ச் சேரும் ஊருக்கு டாப் செங்காட்டுப்பட்டி என்று பெயர். செந்தமிழ்ப் பெயருக்கு முன்னால் அந்த 'டாப்' எப்படியோ ஏறி உட்கார்ந்து கொண்டு, இறங்குவேனா என்கிறது.

திரும்பி வந்த நாய்கள்

பச்சைமலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழ்தான். மரவள்ளியும் நெல்லும் சாமையும் தினையும் பயிரிடுகிறார்கள்.

இவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பது பரம்பரையாக வரும் கதை. மூத்தவன் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம். தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட பெரிய நூலில் இந்தக் கதை இருக்கிறது. நடுவண்ணன் மணந்தது ஒரு வேடர் குலப் பெண்ணை. ஆகையால் பச்சைமலைக் கல்யாணங்களில் மாப்பிள்ளை பந்தலில் வாளும் அம்பும் வைப்பதும், மணப்பெண் சீப்பு அணிவதும் அந்நாளில் வழக்கமாக இருந்தனவாம். பெண்கள் சமைத்ததில் ஒரு பங்கை வேட முன்னோருக்காக எடுத்து வைத்துவிட்டுத்தான் கணவருக்குப் பரிமாறுவார்களாம். தாய் வழியை மறக்காத மலை!

அதே நூலில், வடக்கே ஜவ்வாது மலையில் வசிக்கும் மலையாளிகள் தங்களைப் பற்றிச் சொல்லும் இன்னொரு கதையும் இருக்கிறது. அதைப் படித்தால் மனம் கனத்துப் போகும்.

காஞ்சிபுரத்துப் பெண்கள் ஏழு பேரை வேடர்கள் தூக்கிச் சென்றுவிட்டார்கள். அவர்களை மீட்க ஏழு வேளாளர்கள் ஏழு நாய்களுடன் புறப்பட்டார்கள். போகும்போது மனைவிமாரிடம், "நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டு கருமாதி செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வழியில் பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் தத்தளித்து அக்கரை சேர்ந்தார்கள். நாய்கள் பாதி ஆறு வரை நீந்திவிட்டு, முடியாமல் திரும்பின. நேரே காஞ்சிபுரத்துக்கு ஓடின. அவர்கள் போன காரியத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது, வீட்டில் அவர்களுக்குக் கருமாதி முடிந்து, மனைவிமார் விதவைக் கோலத்தில் இருந்தார்கள். இறந்தவராகிவிட்டவருக்கு ஊரில் இடமில்லை. வேடர் குலத்துப் பெண்களை மணந்து மலை ஏறினார்கள். அவர்களுடைய சந்ததியே ஜவ்வாது மலை மலையாளிகள் என்பது கதை.

ஆற்றின் நடுவில் நாய்கள் திரும்பியபோது அக்கரையிலிருந்து யாராவது கூப்பிட்டிருப்பார்கள் அல்லவா? வெள்ள இரைச்சலில் அந்தக் குரல் நாய்களின் காதில் விழுந்திராது. விழுந்திருந்தாலும், கூப்பிட்டால் வர வேண்டும் என்ற பழக்கம் வெள்ளத்தின் பயத்தை மீறும் அளவுக்கு ஊறியிருக்க வேண்டும். அது ஒரு நாளில் வருகிற பழக்கமல்ல.

அதே திருவண்ணாமலைப் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனுடைய 34-ம் ஆட்சி ஆண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்டது. எருமைகளைக் காப்பதற்காகப் போராடி உயிர் விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுடைய கல் அது. அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். இரண்டு கள்வர்களைக் கடித்து, எஜமானுக்குக் காவலாக நின்றதாம். 1,400 வருஷங்களுக்கு முந்திய எத்தனையோ மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரிகிறது!

மாமி நடத்திய பள்ளிக்கூடம்

கருப்பனுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பமானது ஒரு தீபாவளிக்குப் பிறகு. அப்போது அதற்கு ஒரு வயது. தெருவில் சரவெடி வெடித்ததும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு இரவு வீடு திரும்பவில்லை. மாமி சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் கொள்ளிடக் கரையிலும் "கருப்பா, கருப்பா" என்று தொண்டை வறளக் கூவிக்கொண்டு அலைந்தார். மூன்றாம் நாள் காலை அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டியின் அடியில் அது பதுங்கியிருந்தது. மாமியைப் பார்த்துவிட்டும் வெளியே வரவில்லை.

"என் குரல்லே அழுகை இருந்தது, கோபமும் இருந்தது. அவன் அறிஞ்ச குரல் அது இல்லை. பயந்துட்டான்" என்றார் மாமி.

அவர்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர்தான் விசில் யோசனையைச் சொன்னாராம். மனிதக் குரல் நேரத்துக்கு நேரம், ஆளுக்கு ஆள் மாறும். பாட்டி கூப்பிட்டால் ஒரு மாதிரி, பேரன் கூப்பிட்டால் ஒரு மாதிரி. பயத்தில் கிறீச்சிடும், கோபத்தில் கனக்கும். விசிலுக்குக் கோபமும் தெரியாது, அழுகையும் தெரியாது. யார் ஊதினாலும் ஒரே ஒலி. அதோடு மனிதக் குரலைவிட வெகு தூரம் போகும்.

"இன்னொரு சௌகரியமும் உண்டு. மலையிலே நின்னுண்டு 'கருப்பா, கருப்பா'ன்னு கத்தினா, காவல் தெய்வத்தைக் கூப்பிடறதா நினைச்சு யாராவது கற்பூரம் ஏத்திடுவா!" என்று சிரித்தார் மாமா.

மாமி நடத்திய பாடத்தை நேயர்களுக்காக வரிசைப்படுத்திச் சொல்கிறோம்.

முதலில் விசிலைத் தேர்ந்தெடுப்பது. உள்ளே குண்டு உருளும் விசிலில், ஊதும் வேகத்துக்குத் தக்கபடி ஒலி மாறும். குண்டு இல்லாத சாதாரண விசில் இதற்கு உத்தமம். பிறகு ஊதும் முறை. நம் ஊரில் பஸ் கண்டக்டர் விசில் அடிக்கிறார். இரவில் கூர்க்கா விசில் அடிக்கிறார். சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. இவற்றில் எதோடும் குழம்பாத தாளம் வேண்டும். மாமியின் தாளம் மூன்று குட்டை, ஒரு நெடில்: 'பிப்-பிப்-பிப்-பீ…' வீட்டில் எல்லோரும் இதே தாளத்தில்தான் ஊத வேண்டும் என்பது சட்டம்.

முதல் வாரம் நாயை 'வா' என்று கூப்பிடவே கூடாது. அது பக்கத்தில் இருக்கும்போதே மெதுவாக விசிலை ஊதி, உடனே வாயில் ஒரு சின்னத் துண்டு தின்பண்டம். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. விசில் முன்னால், தின்பண்டம் பின்னால். இந்த வரிசை மாறக் கூடாது. தின்பண்டத்தைக் காட்டிவிட்டு விசில் ஊதினால் நாய் கையைத்தான் பார்க்குமே தவிர, காதைத் தீட்டாது.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் கண்டு சொன்னதும் இதுதான். ஜீரண உறுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். சாப்பாடு வருவதற்கு முன்பே, அது வரப்போகும் அறிகுறிக்கே நாய்களின் வாயில் எச்சில் ஊறுவதைக் கவனித்து ஆராய்ந்தார். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் நம் வீட்டு ஆண்கள் தட்டை எடுத்துக்கொண்டு வருவதில்லையா? அதே தத்துவந்தான்.

இரண்டாவது வாரம், கூடத்தில் ஒருவர், சமையலறையில் ஒருவர் நின்றுகொண்டு மாற்றி மாற்றி ஊதுவது. நாய் ஓடி வந்ததும் ஒரு கையால் கழுத்துப் பட்டையைத் தொட்டுக்கொண்டே மறு கையால் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டைக் கவ்விக்கொண்டு கைக்கு அகப்படாமல் ஓடக் கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது கட்டம் கொல்லைப்புறமும் ஆற்றங்கரையும். பத்து மீட்டர் நீளக் கயிறு. கயிற்றைக் கழுத்தில் கட்டினால் ஓடும்போது சுண்டி இழுத்துக் கழுத்தில் அடிபடும். ஆகவே மார்புப் பட்டையில் கட்ட வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஆரம்பித்து, பிறகு வேறு நாய்கள் இருக்கும் இடம், ஆடு மாடு இருக்கும் இடம் என்று மெல்ல மெல்லக் கடினமாக்க வேண்டும். கருப்பன் இந்தக் கட்டத்தைத் தாண்ட ஐந்து மாதம் ஆயிற்று.

தின்பண்டம் எது? மாமி வீடு சைவம். இட்லித் துண்டில் தொடங்கி, வெளியிடத்துக்குப் பனீர்த் துண்டு என்று வைத்துக்கொண்டார். விசிலுக்கென்று ஒதுக்கிய பண்டம் வேறு சமயத்தில் கிடைக்கக் கூடாது. இங்கே தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை: திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு விஷம். பாயசத்துத் திராட்சையைச் செல்லமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக மாமி வைத்திருக்கும் விதிகள் நான்கு. வந்த நாயைத் திட்டக் கூடாது. பத்து நிமிஷம் கழித்து வந்தாலும் கூடாது. குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் கட்டிப் போடவும் விசில் ஊதக் கூடாது. அதற்கு நாமே நடந்து போய் அழைத்து வர வேண்டும். ஒரு முறைதான் ஊத வேண்டும். ஊதிக்கொண்டே இருந்தால் முதல் விசிலுக்கு மதிப்பில்லை என்று நாய் முடிவு செய்துவிடும். நிச்சயம் வராது என்று தெரிந்தால் ஊதவே கூடாது.

"பத்துத் தடவை கூப்பிட்டா, ஒன்பது தடவை மறுபடியும் விளையாட விட்டுடணும். வந்தா விளையாட்டு முடிஞ்சு போச்சுன்னு அவன் நினைச்சுட்டா அப்புறம் ஏன் வரான்?" என்று கேட்டார் மாமி. நமக்குப் பதில் தெரியவில்லை.

காதுக்குக் கேளாத விசில்

மனிதர் காதுக்குக் கேளாமல் நாய்க்கு மட்டும் கேட்கும் விசில் உண்டென்று நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் முதல் ரூபத்தைச் செய்தவர் இங்கிலாந்தின் பிரான்ஸிஸ் கால்டன், வருஷம் 1876. அவர் அதைக் கைத்தடியின் நுனியில் பொருத்தி, பிடியிலுள்ள ரப்பர்க் குமிழை அழுத்தி ஊதிக்கொண்டே தெருவில் நடப்பார். மிருகக்காட்சிச் சாலைக்கும் போய் ஒவ்வொரு மிருகத்தின் காதுக்கருகிலும் ஊதிப் பார்த்தார். பூனைக்குத்தான் காது கூர்மை என்றும், சிறு நாய்கள் திரும்பிப் பார்த்தன, பெரிய நாய்கள் சட்டை செய்யவில்லை என்றும் 1883-ல் ஒரு புத்தகத்தில் எழுதினார். லண்டன் தெருவில் ஒரு கனவான் கைத்தடியோடு நாய்களின் பின்னால் போகும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

மனிதர் காது, விநாடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். நாயின் காது சுமார் 45,000 வரை கேட்கும். ஆனாலும் மலைக்கு அந்த மௌன விசில் அவ்வளவு உகந்ததல்ல. ஒலி எவ்வளவு கீச்சாக இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் காற்றில் தேய்ந்து போகும். தவிர, சரியாக ஊதினோமா என்று நமக்கே தெரியாது. மாமியின் கழுத்தில் தொங்கியது நம் காதுக்கும் நன்றாகக் கேட்கும் விசில்தான்.

மலைப் பிரதேசங்களில் சீழ்க்கைக்கு எப்போதுமே மதிப்பு உண்டு. மேகாலயாவில் கோங்தோங் என்ற கிராமத்தில், குழந்தை பிறந்ததும் தாய் அதற்கென்று ஒரு தனி மெட்டு அமைக்கிறாள். காட்டுக்குப் போன பிள்ளையை அந்த மெட்டால்தான் கூப்பிடுகிறாள். ஸ்பெயினைச் சேர்ந்த லா கோமெரா தீவில் பள்ளத்தாக்குக்கு அப்பால் இருப்பவருடன் சீழ்க்கையாலேயே முழு வாக்கியங்களைப் பேசுகிறார்கள்; 2009-ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

மயில் வைத்த பரீட்சை

மங்களம் அருவியைப் பார்த்துவிட்டு வந்து, ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த ஒரு மேட்டு நிலத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். புளியோதரையின் வாசனையும் மலைக் காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? கருப்பன் நீளக் கயிற்றோடு நின்றது. கயிற்றின் மறு நுனி பேரன் கையில்.

திடீரென்று பக்கத்துப் புதரிலிருந்து ஒரு மயில் படபடவென்று எழும்பியது. கருப்பன் பாய்ந்தது. பேரன் கையிலிருந்து கயிறு நழுவியது. மயில் தாழப் பறந்து சரிவில் இறங்க, நாயும் பின்னாலேயே காட்டோரத்தை நோக்கி ஓட, கயிறு தரையில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போயிற்று.

சரிவுக்குக் கீழே காடு. காட்டுப் பன்றிகள் உண்டு. நாய் வழி தவறினால் பட்டணத்து நாய்க்கு அங்கே திசை தெரியாது. இழுத்துக்கொண்டு போகும் கயிறு ஒரு வேரில் சிக்கினால் நகரவும் முடியாது. பேரன் அழத் தொடங்கிவிட்டான். மாமா, "கருப்பா!" என்று கத்த வாயெடுத்தார். மாமி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, விசிலை வாயில் வைத்தார்.

'பிப்-பிப்-பிப்-பீ…'

ஒரே ஒரு தடவை. மலை அதை வாங்கி எதிர்ப்பக்கத்திலிருந்து திருப்பிக் கொடுத்தது. பிறகு நிசப்தம். மாமி இரண்டாம் முறை ஊதவில்லை. அவர் விரல்கள் மட்டும் விசிலை இறுகப் பற்றியிருந்தன. அந்தச் சில விநாடிகள் எவ்வளவு நீளமானவை என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

சரிவின் விளிம்பில் முதலில் இரண்டு காதுகள் தெரிந்தன. பிறகு முகம். பிறகு முழு வேகத்தில், கயிறு பின்னால் துள்ளத் துள்ள, கருப்பன் வந்து மாமியின் காலடியில் மோதி நின்றது. மாமி கழுத்துப் பட்டையைத் தொட்டார். டப்பாவிலிருந்த பனீரை ஒரு துண்டு அல்ல, முழுவதையும் கொட்டினார். "சமர்த்து, என் சமர்த்து" என்றார். ஒரு வார்த்தை அதட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தலைப்பால் கண்ணைத் துடைத்ததை நாம் பார்த்தோம்.

வரப்பில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மெதுவாக வந்தார். மலைக்காரர். தோளில் ஒரு துண்டு, கையில் அரிவாள்.

"ஓடிப் போன நாயை ரெண்டு போடாம விட்டுட்டீங்களே அம்மா?" என்றார்.

"ஓடினதுக்கு அடிச்சா சரி. அவன் இப்போ வந்திருக்கானே பெரியவரே! இப்போ அடிச்சா, வந்ததுக்கு அடிச்ச மாதிரின்னா ஆயிடும்?" என்றார் மாமி.

பெரியவர் அப்படியே சிரித்தார். "சரியாச் சொன்னீங்க. நான் சும்மா கேட்டுப் பார்த்தேன்" என்றவர், இரண்டு விரலை நாக்கின் அடியில் மடித்து ஒரு சீழ்க்கை விட்டார். அப்பா! ஊசி மாதிரி காற்றைத் துளைத்துக்கொண்டு போயிற்று. எங்கோ மரவள்ளிக் காட்டுக்குள்ளிருந்து இரண்டு நாய்கள் புறப்பட்டுத் தலைதெறிக்க ஓடி வந்தன. பெரியவர் மடியை அவிழ்த்து, வேகவைத்த கிழங்கில் ஆளுக்கு ஒரு துண்டு போட்டார். தின்றதும் "போ" என்றார். இரண்டும் காவலுக்குத் திரும்பிவிட்டன.

"எங்க அப்பன் சொல்லிக் குடுத்தது ஒண்ணுதாங்க. கூப்பிட்டு வந்த நாயை வெறும் வாயோட அனுப்பாதேன்னாரு."

பாவ்லோவின் சித்தாந்தத்தை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லிவிட முடியுமா?

எங்கே விசில் செல்லாது

விசில் பழகிய நாய் என்பதற்காகக் காட்டுக்குள் அவிழ்த்து விட்டுவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் நாட்டு வேட்டை ஜாதிகள் பார்வையாலேயே இரையைத் துரத்துவதற்கென்று பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்டவை. ஓட ஆரம்பித்துவிட்டால் அவற்றுக்குக் கண் மட்டுமே வேலை செய்யும். காது அடைத்துப் போகும். அத்தகைய நாய்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் அதிக நாள் பிடிக்கும், கயிறும் அவசியம்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கைத் துரத்திப் பிடிப்பதும் விரட்டுவதும் வேட்டையில் சேர்ந்தவையே. மயில் நம் தேசியப் பறவை. அதற்கு உச்சபட்சப் பாதுகாப்பு உண்டு. ஆகையால் நாயோடு மலைக்குப் போகிறவர்கள், எதுவரை அழைத்துச் செல்லலாம் என்று வனத்துறையினரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் நம் டெலிபோன் நம்பர் இருக்க வேண்டும். கயிற்றைச் சிறுவர்கள் கையில் கொடுக்காமல், பெரியவர்கள் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளாமல் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றிக்கொண்டால் நாய் பாயும்போது கை முறியும்.

நன்றாகப் பழகிவிட்டது என்று பயிற்சியை நிறுத்தியும் விடக் கூடாது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது காரணமே இல்லாமல் ஊதி, வந்ததும் நல்லதாக ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாங்கில் பணம் போட்டு வைப்பது போலத்தான். என்றைக்கோ ஒரு நாள், ஒரு சரிவின் விளிம்பில், மொத்தமாக எடுக்க வேண்டி வரும்.

பச்சைமலைக்குப் போக மழை ஓய்ந்த மாதங்கள் நல்லவை. அருவியில் தண்ணீர் இருக்கும்; மலையும் பெயருக்கேற்றபடி இருக்கும். போய் வந்தால் மரவள்ளிக் கிழங்கு வாங்கி வாருங்கள். ஆனால் அதை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். பச்சையாக நாய்க்கும் கொடுக்கக் கூடாது, நாமும் தின்னக் கூடாது.

இறங்கும் வழியில், "இந்த விசில் பிள்ளைகளுக்கும் பலிக்குமா மாமி?" என்று கேட்டு வைத்தோம். பேரப்பிள்ளைகள் பின் ஸீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"விசில் வேண்டாம். கூப்பிட்டு வந்த குழந்தையைத் திட்டாம இருந்தாலே போறும்" என்றார் மாமி.